நுரை பொங்கினால் கறை போகுமா?

ஓவனின் உள்சுவரில் பழுப்பாகப் படிந்திருக்கிறதே, அந்தக் கறை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். கோழி வறுபட்டபோது தெறித்த எண்ணெய்தான் அது. அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்திருந்தால் வந்திருக்கும். ஒரு மாதம் கழித்து நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை. அழுக்கு கூடிப்போனது மட்டும் இதற்குக் காரணமில்லை. சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய், இருந்த இடத்திலேயே வேறொரு பொருளாக மாறிவிட்டது.

புது இரும்புத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவிச் சூடாக்குவோம். சில நாளில் கறுப்பாக, வழவழவென்று ஒரு பூச்சு ஏறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அது போகாது. சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பெரிய வலையாக இறுகிவிடுகின்றன. பலபடியாதல் என்று வேதியியலில் இதற்குப் பெயர். தோசைக்கல்லில் நாம் ஆசையாக வளர்க்கும் அதே பூச்சுதான் ஓவன் சுவரில் வேண்டாத இடத்தில் வளர்கிறது. சூரியகாந்தி எண்ணெய் இப்படிச் சீக்கிரம் இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் இறுகாது.

இந்தக் கறையைப் போக்க, அநேகமாக எல்லோரும் ஒன்று செய்கிறோம். ஆப்பசோடாவைத் தூவி, அதன்மேல் வினிகரை ஊற்றுகிறோம். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. புஸ்ஸென்று நுரை பொங்குகிறது. கறையை ஏதோ அரித்துத் தின்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆப்பசோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரையாகப் பொங்குவது கார்பன் டைஆக்சைடு வாயு. அது அடங்கியபின் மிஞ்சுவது தண்ணீரும், அதில் கரைந்த சோடியம் அசிடேட் என்ற உப்பும்தான். ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது 5 கிராம், முழுக்கத் தீர்ந்துபோக 5 சதவீத வினிகர் சுமார் 70 மில்லி போதும். நுரை பொங்கும் நேரமெல்லாம் சோடா வினிகரோடுதான் மல்லுக்கட்டுகிறது. கறையின் பக்கம் திரும்புவதே இல்லை. கறையோடு மோத வேண்டிய இரண்டு பொருள்களையும் நம் கையாலேயே செலவழித்துவிட்டு, உப்புத் தண்ணீரை வைத்துத் தேய்க்கிறோம்.

‘நான் அப்படிச் செய்து கறை போயிருக்கிறதே’ என்று கேட்பீர்கள். போயிருக்கும். கறை இளசாக இருந்திருக்கும், ஈரத்தில் ஊறியிருக்கும், நீங்களும் ஸ்க்ரப்பர் வைத்து நன்றாகத் தேய்த்திருப்பீர்கள். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் அதையே செய்திருக்கும்.

வினிகர் வீண் என்று சொல்லவில்லை. போர் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம்தான் பொருத்தம். காரம் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சோப்பாக மாற்றும். தேங்காய் எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்த்துச் சோப்பு செய்வதும் இந்த வழியில்தான்.

ஆப்பசோடா மென்மையான காரம். அதனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, கறையின்மேல் கனமாகப் பூசி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஈரத்துணியால் தேய்த்து எடுக்கலாம். சோடாத் துகள்கள் கண்ணாடியைவிட மிருதுவானவை, ஆகவே கதவின் கண்ணாடியில் கீறல் விழாது. கடைசியில் வெள்ளைப் பூச்சாகக் கொஞ்சம் சோடா மிஞ்சும். வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டிய கட்டம் அதுதான். வேலை முடிந்த சோடாவைத் தீர்ப்பதால் நட்டமில்லை.

கறை மிகவும் பழையதென்றால் இன்னும் வலுவான காரம் வேண்டும். அதை ஓவனிலேயே செய்துகொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆப்பசோடாவை ஒரு எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீரும் கார்பன் டைஆக்சைடும் வெளியேறி அது சலவை சோடாவாகிவிடும். 100 கிராம் வைத்தால் முழுதாக மாறியபின் 63 கிராம்தான் இருக்கும். காரத்தன்மையோ பல மடங்கு கூடியிருக்கும். கம்பித் தட்டுகளை இதைக் கரைத்த வெந்நீரில் ஊறப்போடலாம். கையுறை அவசியம். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

ஆனால் அலுமினியத் தட்டுகளை இதில் போட்டுவிடாதீர்கள். காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். கடையில் விற்கும் ஓவன் கிளீனர்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அதன் அரிப்பு இன்னும் கடுமை. நம் வீட்டு ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் ஓவன்கள் பலவற்றின் உட்புறத்தில் அலுமினியப் பூச்சு உண்டு. அங்கே வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும், பொறுமையோடு.

மேலும் கீழும் ஓடுகிற சூடேற்றும் கம்பிகளில் எதையும் பூச வேண்டாம், தண்ணீரும் படக்கூடாது. அவற்றில் தெறித்தது பெரும்பாலும் அடுத்தமுறை தானே எரிந்துவிடும். அப்படியானால் ஓவனையே முழுச் சூட்டில் ஓட்டிக் கறையை எரித்துவிடலாமே என்று தோன்றும். தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பெரிய ஓவன்கள் அதைத்தான் செய்கின்றன. அதற்கு அவை ஏறக்குறைய 500 டிகிரி வரை போகின்றன. நம்முடையது பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூடு கறையை எரிக்காது, இன்னும் இறுக்கும்.

ஆகவே கறை இறுகுமுன் பிடிப்பதுதான் எளிது. சமைத்து முடித்ததும், சூடு தாங்கும் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி உள்ளே வைத்துக் கதவை மூடி, இருபது நிமிடம் மிதமான சூட்டில் ஓட்டுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சளாக எண்ணெய் இறங்கினால் சரியான நேரத்தில் துடைத்திருக்கிறீர்கள். துணி வெள்ளையாகவே வந்து சுவரில் பழுப்பு நின்றால், அலுமினியப் பூச்சு இல்லாத ஓவனில் அன்று ராத்திரி சோடாவைக் குழைத்துப் பூசிவிட்டுப் படுக்கப் போகலாம்.