ஐஸ் கிரீம் பெட்டிக்குக் காய்ச்சல்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவில் ஆற்றில் நீராடித் திரும்புகிறவர்களுக்கு ஐஸ் கிரீம் மீது ஆசை பிறப்பது இயல்பே. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தது. அன்று அது துரைமார்களின் விருந்துப் பண்டம். இன்றோ சிறு கடைக்காரரும் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறார். அப்பெட்டிக்குக் காய்ச்சல் கண்டால் அவருடைய முதல் ஒரே பகலில் உருகிவிடும்!

பெட்டி குளிரவில்லையென்றதும், "காஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டுவோர் பலர். வெப்பத்தை வெளியேற்றும் குழாய்களையல்லவோ முதலில் பார்க்க வேண்டும்? பஞ்சாலைகள் நிறைந்த இவ்வூரில் தூசிக்குப் பஞ்சமா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தாலே பாதி நோய் தீரும்.

உள்ளே உறைபனி கால் அங்குலம் தடித்தால், கம்பளி போர்த்தினாற்போல் குளிர்ச்சியைத் தடுக்கிறது. அதைக் கத்தியால் கொத்துவது மகா பிசகு. குழாய் துளைபட்டால் மெய்யாகவே காஸ் போய்விடும். தானாக உருகவிடுவதே முறை. பனி மீண்டும் விரைவில் கட்டினால், மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ஈரக்காற்று நுழையும் வழி அதுதான்.

மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிஷம் பொறுத்தே விசையைப் போடவேண்டும். உருகிக் கூழானதை மறுபடி உறையவைத்துக் குழந்தைகளுக்கு விற்பது மட்டும் கூடவே கூடாது. கிருமிகள் பெரும்பாலும் குளிரில் சாவதில்லை; உறங்குகின்றன. பெட்டிக்குள் ஒரு சிறு உஷ்ணமானி கிடக்கட்டும்; அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி ஸென்டிகிரேடு காட்ட வேண்டும்.