உயிர் காக்க முன்வருவோருக்கு வழக்கு அச்சம்: போதை மருந்துச் சட்டத்தில் இல்லாத ஒரு பிரிவு

புது தில்லி: சாலை விபத்தில் படுகாயமுற்றவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசின் திட்டப்படி ரூ. 25 ஆயிரம் வெகுமதி உண்டு. அவரது பெயரையோ முகவரியையோ கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்ட விதிகள் காவல்துறைக்குக் கட்டளையிடுகின்றன. ஆனால், அளவுக்கு அதிகமாகப் போதை மருந்து ஏற்றிக்கொண்டு மூச்சு அடங்கிக் கிடக்கும் நண்பரை அதே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்பவருக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் மீதே வழக்குப் பாய்வதற்குத்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது.

போதையால் உயிருக்குப் போராடுபவருக்கு உதவுவது அருகில் இருப்பவரின் சட்டபூர்வக் கடமையா என்ற கேள்வி பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் அதற்கு முன்பாக விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. உதவ விரும்புபவரையாவது சட்டம் அனுமதிக்கிறதா என்பதே அது.

சில நிமிடங்களே அவகாசம்

ஹெராயின், மார்பின் போன்ற அபின் வகைப் பொருள்கள் அளவு மீறும்போது மூளையில் சுவாசத்தை இயக்கும் பகுதியை முடக்குகின்றன. உதடுகள் நீலம் பாய்கின்றன. அழைத்தால் பதில் இல்லை. சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். 'நலாக்சோன்' என்ற முறிமருந்தை உடனடியாகச் செலுத்தினால் சுவாசம் மீளும். இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ள மருந்து இது. இத்தகைய மயக்கத்தை நேரில் காண வாய்ப்புள்ள குடும்பத்தினர், நண்பர்கள் ஆகியோர் கைக்கே இம்மருந்து எட்ட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2014-ல் பரிந்துரைத்தது. மருந்தின் வேகம் விரைவில் தணிந்துவிடும் என்பதால், அதன் பிறகும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.

ஆக, உயிரைக் காக்கக் கூடியவர் அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பவர் மட்டுமே. அவரும் பெரும்பாலும் அதே மருந்தைப் பயன்படுத்துபவராகவே இருப்பார்.

பிரச்னையின் பரப்பு சிறிதன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது.

எங்கே அச்சம்?

1985-ம் ஆண்டின் போதை மருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 27-வது பிரிவு, போதை மருந்து உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. ஹெராயின், கொகைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது ரூ. 20 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தெரிந்தே தமது இடத்தைப் பயன்படுத்த அனுமதித்த வீட்டுக்காரரை 25-வது பிரிவும், குற்றத்துக்கு உடந்தையாக இருப்போரை 29-வது பிரிவும் குறி வைக்கின்றன. ஊசி போட்டுவிட்ட நண்பர் மீது மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவான நிகழ்வுகளும் உண்டு. மருத்துவமனைகளோ இத்தகைய நோயாளிகளின் வருகையைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதே வழக்கம்.

சட்டம் முற்றிலும் இரக்கமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது 64-ஏ பிரிவு. ஆனால், இது பாதிக்கதவு திறந்த நிலைதான். குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான நபருக்கு மட்டுமே இச்சலுகை உரியது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம். முதன்முறையாகப் பயன்படுத்தி மயங்கி விழுந்த மாணவர் இதில் அடங்க மாட்டார். அவரைத் தூக்கி வந்தவரைப் பற்றியோ இப்பிரிவு பேசவே இல்லை.

சாலையில் கிடைத்த தீர்வு

இதே அச்சம் ஒருகாலத்தில் சாலை விபத்துகளிலும் இருந்தது. விபத்துக்குள்ளான ஸ்கூட்டர் ஓட்டுநரைச் சட்ட நடைமுறையைக் காரணம் காட்டி ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்ப, அவர் வழியிலேயே உயிரிழந்தார். அது தொடர்பான பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிர் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் முதற்கடமை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், மருத்துவரின் கடமை மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது. வாசல் வரை கொண்டு வருபவருக்கான பாதுகாப்பு, 2016-ம் ஆண்டுத் தீர்ப்பின் வழியே உறுதியாகி, 2019-ல் நாடாளுமன்றம் சேர்த்த 134-ஏ பிரிவால் சட்டமானது. 'நல்ல சமாரியர்' என்று அச்சட்டம் குறிப்பிடுவது மோட்டார் வாகன விபத்தில் உதவுபவரை மட்டுமே.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் காக்கவும் நாடாளுமன்றம் வழி கண்டது. கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும் என 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. போதையால் விளையும் மனநலக் கோளாறுகளும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. போதை மருந்துச் சட்டம் மட்டும் அந்தத் திசையில் நகரவில்லை.

நழுவிய வாய்ப்பு

2021 டிசம்பரில் போதை மருந்துச் சட்டத் திருத்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. 2014-ல் நேர்ந்த பிரிவு எண் குளறுபடி ஒன்றைச் சரிசெய்வதோடு அது நின்றுவிட்டது. சட்டம் நிதி அமைச்சகத்தின் வசம். போதைப் பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு உள்துறையின் கீழ். மறுவாழ்வு சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. முறிமருந்து சுகாதாரத் துறைக்கு உரியது. நால்வருக்கும் பொதுவான பொறுப்பு எவர் மேசைக்கும் வந்து சேர்வதில்லை.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவதையே ஜெர்மனி குற்றமாக்கியுள்ளது. ஓராண்டு வரை சிறை. கனடா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அவசர உதவிக்கு அழைப்பவர் மீதும், அந்த இடத்தில் இருப்பவர்கள் மீதும் சொந்தப் பயன்பாட்டுக்குப் போதை மருந்து வைத்திருந்ததாக வழக்குத் தொடரக் கூடாது என 2017-ல் சட்டம் இயற்றியது. விற்பனையாளருக்கு அதில் விலக்கு இல்லை. வியாபாரிகள் தப்பிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு இதிலேயே விடை உள்ளது.

இந்தியாவில் பெற்றோர், மருத்துவர் போன்று சட்டம் கட்டுப்படுத்துவோரைத் தவிர, மற்றவருக்குப் பொதுவான உதவிக் கடமை இல்லை. விபத்தை ஏற்படுத்திய வாகன ஓட்டுநருக்கு அக்கடமை உண்டு. உதவும் வழிப்போக்கருக்குக் கவசமும் உண்டு. போதை மரணத்தில் இவ்விரண்டும் இல்லை. கவசம் இல்லாமல் கடமையை மட்டும் விதித்தால், ஓடி ஒளிபவர் மறைக்க வேண்டிய குற்றங்களின் எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவே. முதலில் கவசம், பிறகு கடமை என்ற வரிசையே உயிர் காக்கும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் இத்தலைப்பில் பதிவு செய்யும் மரணங்கள் சில நூறுதான். தனியறையில் கைவிடப்பட்டு, காரணம் அறியப்படாமலே எரியூட்டப்படுவோர் அக்கணக்கில் வருவதில்லை. 64-ஏ பிரிவை அடுத்து ஒரே ஒரு பத்தியைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு நாள் விவாதம் போதும்.