எந்தச் சந்திரசேகர்?

பழவேற்காட்டுக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், ஏரிக்கு அப்பால் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ஏவுகலம் புறப்படும் நாளில் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். படகுகள் கரையில் கிடக்க, குப்பத்து மக்கள் வானத்தைப் பார்த்து நிற்பார்கள். 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 புறப்பட்டபோதும் அப்படித்தான். நெருப்புப் பிழம்பு முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. முழக்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்தே காதுக்கு எட்டியது. ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்ற பாடத்தை அங்குள்ள சிறுவர்களுக்குப் புத்தகம் வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

அக்குப்பங்களில் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் சில நாட்களுக்குப் பின் என்னிடம் கேட்டான்: "சார், நோபல் பரிசு வாங்கின எஸ். சந்திரசேகர் பெயரைத்தானே சந்திரயானுக்கு வைத்திருக்கிறார்கள்? கால்குலேட்டரில் எண் தெரிகிறதே, அந்தத் திரவப் படிகத்திலும் அவர்தானே ஆராய்ச்சி செய்தார்?"

கேள்வியின் முதற்பாதிக்கு விடை எளிது. சந்திரயானில் உள்ள சந்திரன் வானத்து நிலவுதான். நம் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கியது வேறொன்று. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் எடுத்துச் சென்ற எக்ஸ்-கதிர் ஆய்வகத்துக்குச் 'சந்திரா' என்று பெயர். நண்பர்கள் அவரை அழைத்த சுருக்கப் பெயர் அது.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். மாணவன் இரண்டு நூல்களில் 'எஸ். சந்திரசேகர்' என்ற பெயரைப் பார்த்திருக்கிறான். இருவரையும் ஒருவர் ஆக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மூன்று 'எஸ்.'

முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1930ஆம் ஆண்டு ஜூலை 31இல் மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். பயணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீன் ஆகிறது. அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அது அந்நிலையில் நிலைத்திருக்க முடியாது. மேலும் சுருங்கியே தீரும். இதுவே 'சந்திரசேகர் வரம்பு'. 1935இல் எட்டிங்டன் என்ற பெரும் வானியலாளர் இம்முடிவை அவையிலேயே எள்ளி நகையாடினார். ஆனால் காலம் இளைஞரின் பக்கம் நின்றது. 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் மறைந்தார்.

இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இவர் கல்கத்தாவில் பிறந்த நாள் 1930 ஆகஸ்டு 6. மூத்தவர் கப்பலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே நாட்கள்! இவருடைய துறை திரவப் படிகம். திரவம் போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் உள்ளதுபோல் ஓரளவு ஒழுங்காக நிற்கும். அதுவே திரவப் படிகம். குச்சி வடிவ மூலக்கூறுகளே இவ்வாறு அமையும் என்று பல காலம் எண்ணியிருந்தனர். பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில் இவரும் உடனாய்வாளர்களும் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று காட்டினர். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் அவை தூண்களாக நிற்கின்றன. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய உதவும் மென்படலங்களில் இவ்வகைப் பொருள் பின்னர் பயன்பட்டது. இவர் 2004இல் மறைந்தார்.

மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர். 1918இல் ராஜமுந்திரியில் பிறந்த மக்கள்தொகை அறிஞர். 1967இல் மத்திய அமைச்சராகிக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையைக் கவனித்தவர். 2001இல் மறைந்தார்.

மூவரும் ஆங்கிலத்தில் 'எஸ். சந்திரசேகர்'தான். முதல் இருவரும் இயற்பியலாளர்கள். இருவரும் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர்கள். அக்கழகத்தின் ராயல் பதக்கத்தை மூத்தவர் 1962இலும் இளையவர் 1994இலும் பெற்றனர். மூத்தவர் நோபல் பரிசு பெற்ற 1983ஆம் ஆண்டில்தான் இளையவர் ராயல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழப்பத்துக்கு வேறென்ன வேண்டும்? நல்ல வேளையாக, 58 டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட் வீழ்த்திய மைசூர்ச் சந்திரசேகருக்குத் தலைப்பெழுத்து 'பி. எஸ்.'

பேரன் என்றால் பெயரன்

இந்த ஒற்றுமை முற்றிலும் தற்செயல் அன்று. சர் சி. வி. இராமனின் பெயரில் வரும் 'சி' எதைக் குறிக்கிறது? அவருடைய தந்தையார் சந்திரசேகர ஐயரை. முதலாம் சந்திரசேகர் இராமனின் அண்ணன் மகன். இரண்டாமவர் இராமனின் தங்கை மகன். அதாவது இருவரும் ஒரே பாட்டனாரின் பேரர்கள், ஒருவர் மகன் வழி, மற்றவர் மகள் வழி. பாட்டனின் பெயர் இருவரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபுதான். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். ஒரு பாட்டனுக்கு நான்கு பிள்ளைகள் இருந்து, ஒவ்வொருவரும் தலைமகனுக்கு அப்பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பர்.

நாற்பது பேரில் 780 ஜோடிகள்

உறவே இல்லாதவர்களிடையேயும் பெயர் மோதுவது ஏன்? சிறிது கணக்குப் போட்டால் விளங்கும்.

வகுப்பில் 40 மாணவர்கள் இருக்கட்டும். வழக்கில் 100 பெயர்கள் உள்ளன, எல்லாம் சம அளவில் வைக்கப்படுகின்றன என்று கொள்வோம். 100 பெயருக்கு 40 பேர்தானே, மோதாமல் இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் எண்ண வேண்டியது ஆட்களை அன்று, ஜோடிகளை. 40 பேரில் 40 × 39 ÷ 2 = 780 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போக வாய்ப்பு 100இல் ஒன்று. ஆகவே ஏறக்குறைய 8 ஜோடிகள் ஒத்துப்போகும் என எதிர்பார்க்கலாம். ஒரு மோதலும் இல்லாதிருக்கும் நிகழ்தகவு சுமார் 9,000இல் ஒன்றுதான்.

இனித் தலைப்பெழுத்தைச் சேர்ப்போம். ஆங்கில எழுத்துகளில் 20 வழக்கில் இருப்பதாகக் கொண்டால், பெயரும் எழுத்தும் சேர்ந்து 2,000 வகைகள். இப்போதும் 40 பேர் கொண்ட வகுப்பில் எங்கோ ஒரு மோதல் நேரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்று. 500 பேர் வாழும் குப்பத்தில் 1,24,750 ஜோடிகள். அவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்தவை 62 அளவுக்கு இருக்கும். உண்மையில் எல்லாப் பெயர்களும் சம அளவில் வழங்குவதில்லை. சில பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும். ஆகவே மோதல் இதனினும் மிகுதியாகவே இருக்கும்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது அம்மாணவன் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டிலேயே நடந்தது சார்" என்றான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வழங்கப்படும். ஓர் ஆண்டு அவன் தந்தைக்கு வர வேண்டிய தொகை அவனுடைய பெரியப்பா முறையுள்ள ஒருவரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. இருவருக்கும் ஒரே பெயர். காரணம், இருவருக்கும் ஒரே பாட்டனார். ஒருவரின் தலைப்பெழுத்து 'மு', மற்றவருடையது 'மா'. பட்டியலில் இரண்டும் ஆங்கில 'எம்' ஆகிவிட்டன. பெரியப்பா நேர்மையானவர், தொகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனால் பதிவேட்டைத் திருத்த மூன்று மாதம் அலைந்தார்களாம். தொழில் இல்லாத நாட்களில் அரிசிக்கு உரிய பணம் அது. குப்பத்துக்குள் இவர்களைப் பிரித்தறிவதில் யாருக்கும் தொல்லையில்லை. பட்டப்பெயர் உண்டு, வீட்டு அடையாளம் உண்டு. காகிதத்துக்கு அவை தெரியாது.

எழுத்து தரும் விடை

அவன் கூறியதிலேயே ஒரு விடையும் இருக்கிறது. மூன்று சந்திரசேகர்களையும் தமிழில் எழுதுங்கள்: சு. சந்திரசேகர், சி. சந்திரசேகர், ஸ்ரீ. சந்திரசேகர். குழப்பம் எங்கே போயிற்று? மூன்று வேறு எழுத்துகளை ஆங்கிலம் ஒரே எழுத்துக்குள் அடைத்ததால் வந்த மயக்கம் இது. தமிழில் உயிர்மெய் எழுத்து மெய்யோடு உயிரையும் சேர்த்துச் சொல்கிறது. வழக்கில் 60 தலைப்பெழுத்துகள் இருப்பதாகக் கொண்டால் வகைகள் 6,000 ஆகும். 40 பேர் வகுப்பில் மோதல் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

சீனர்களுக்கும் இதே தொல்லை உண்டு. 'வாங்' என்பது அங்கு மிகப் பரவலான குடும்பப் பெயர். 'வெய்' என்று ஒலிக்கும் சீன எழுத்துகளோ பல. ஒன்றுக்குப் பொருள் 'மாண்பு', மற்றொன்றுக்குக் 'காவல்'. சீன எழுத்தில் வெவ்வேறாக இருக்கும் பெயர்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் ஒரே 'வெய் வாங்' ஆகிவிடுகின்றன. எந்த ஆய்வு எவருடையது என்று தெரியாமல் போயிற்று. ஆகவே அமெரிக்க இயற்பியல் கழகம் 2007ஆம் ஆண்டின் இறுதியில், சீன, ஜப்பானிய, கொரிய ஆய்வாளர்கள் தம் பெயரைச் சொந்த எழுத்திலும் அச்சிட்டுக்கொள்ள இடமளித்தது. 2012 முதல் 'ஆர்சிட்' என்ற 16 இலக்க அடையாள எண்ணும் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகிறது. பெயர் மாறினாலும், மோதினாலும் எண் மோதாது.

எழுத்து மோதலைக் குறைக்கும். எண் அதை நீக்கும். ஆயினும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் அழைப்பதில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நல்ல வழக்கம்தான். அதை விட வேண்டியதில்லை. படிவத்தை நிரப்பும்போது தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதினால் போதும். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

அடுத்த தேர்வில் அம்மாணவன் விடைத்தாளில் 'சுப்பிரமணியன் சந்திரசேகர்' என்று முழுப் பெயரையும் எழுதியிருந்தான். தாளின் மேற்புறத்தில் தன் பெயரோடு தந்தையின் பெயரையும் முழுமையாக எழுதியிருந்தான்.