பழைய கார் வாங்கப் போகிறீர்களா? சித்தூர், திருப்பதியில் முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

திருப்பதி: தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டு நிற்கும் சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் 4ஆம் தேதி அதிலிருந்து பிரிந்த பகுதிகளோடு உருவான திருப்பதி மாவட்டத்திலும், பழைய கார்ச் சந்தைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ‘ஏபி 03’ எண் கொண்ட உள்ளூர் வண்டிகளுடன் சென்னை, வேலூர், பெங்களூரு பதிவெண் கார்களும் இங்கு விற்பனைக்கு வருகின்றன. இதனால் தேர்வு அதிகம். சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதே அளவுக்கு உண்டு.

பலரும் முதலில் என்ஜினைப் பார்க்கிறார்கள். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ் எனப்படும் ஆர்.சி. புத்தகத்தைத்தான். பழுதான கிளட்சை மாற்றிவிடலாம். சேசிஸ் எண் பொருந்தாத காரை ஒன்றும் செய்ய முடியாது. காரின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் சுரண்டப்பட்டோ, மீண்டும் அடிக்கப்பட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். திருட்டு வாகனமா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ இணையச் சேவையில் அறியலாம். ‘எம்பரிவாகன்’ செயலியில் பதிவு, காப்பீடு ஆகியவற்றின் செல்லுபடிக் காலமும், இ-சலான் பக்கத்தில் நிலுவை அபராதங்களும் தெரியும்.

வயது எத்தனை?

‘ஏபி 03’ என்ற எண்ணே ஒரு தகவல்தான். 2019ஆம் ஆண்டு ஆந்திரா முழுவதற்கும் ‘ஏபி 39’ என்ற பொது வரிசை நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ‘ஏபி 03’ எண் கொண்ட கார் பொதுவாக அதற்கு முன் பதிவானதாகவே இருக்கும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை 10,000 ரூபாய் என நிர்ணயித்தது. விண்ணப்பிக்கத் தாமதமானால் கூடுதல் கட்டணமும் உண்டு. எனவே 13, 14 ஆண்டு வயதுடைய காருக்கு விலை பேசும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேர்ப்பதே முறை.

பக்கத்து மாநிலக் கார் என்றால்...

வேலூரிலோ பெங்களூருவிலோ பதிவான காரை இங்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ள, அந்தப் பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) தேவை. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. வாகனத்தின் வயதுக்கேற்ப ஆயுட்கால வரியும் மீண்டும் செலுத்த வேண்டிவரும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், அதற்கு அலைச்சல் உண்டு. வெளிமாநிலக் கார் 40,000, 50,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவு பெரும்பாலும் இந்த வரியிலேயே கரைந்துவிடும்.

டாக்சியாக ஓடியதா?

திருப்பதியில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கார் வாங்கக் கூடாது. திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று பக்தர்களை ஏற்றிச் சென்ற மஞ்சள் பலகை வண்டிகள், பின்னர் உரிமம் ஒப்படைக்கப்பட்டு வெள்ளைப் பலகைக்கு மாற்றப்படுவது உண்டு. முறையாக மாற்றியிருந்தால் அது குற்றமல்ல. ஆனால், பலகையை மட்டும் மாற்றிவிட்டு, ஆர்.சி.யில் போக்குவரத்து வாகனம் என்றே இருந்தால் வாங்குபவருக்குத்தான் தொல்லை.

கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேல் உள்ள திருமலைக்கு நாள்தோறும் ஏறி இறங்கிய காரில் கிளட்ச், பிரேக், குளிர்விப்பு அமைப்பு ஆகியவை சீக்கிரம் தேயும். மீட்டரில் 60,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரின் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், மீட்டர் திருத்தப்பட்டதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டருடன் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் திருப்பதி நகரச் சாலைகளே ஆறுகளாயின. அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்தால் வெளியே எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் கடைசி அடியில் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் அடியில் ஈர வாடை, உபரிச் சக்கரக் குழியில் வண்டல் ஆகியவை மற்ற அடையாளங்கள். இத்தகைய காரில் மின்சுற்றுக் கோளாறுகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.

என்ஜினை விடியற்காலையில், சூடேறாத நிலையில் முடுக்கிப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் உட்புறம் பால் போன்ற படிவு இருந்தால், குளிர்விப்பு நீர் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். சில நூறு ரூபாய் கொடுத்தாவது, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

பெயர் மாற்றம்

இதில்தான் அதிக அலட்சியம் காணப்படுகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவரும், 30 நாட்களுக்குள் வாங்குபவரும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50ஆவது பிரிவு. இதற்குப் படிவங்கள் 29, 30 தேவை. வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35ஐயும் வங்கியின் சான்றையும் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும்.

பலர் கைமாறிய கார் ஒன்று விபத்து ஏற்படுத்திய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்று ஆண்டுகள் ஆகியும் அவர் தப்ப முடியவில்லை. வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே சட்டம் கருதினாலும், சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவருடனேயே போய்விடும் என்பதால் பிரீமியம் சற்று உயரும்.

வியாபாரியிடம் வாங்கினால், பதிவு அலுவலகம் வழங்கும் அங்கீகாரச் சான்று அவரிடம் உள்ளதா என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் அமலான விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் கார் ஒப்படைக்கப்பட்ட விவரம் பதிவானதும், விற்பனையாகும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். யாரிடம் வாங்கினாலும், காரைப் பெற்றுக்கொண்ட தேதியுடன் நேரத்தையும் குறித்து இருவரும் கையெழுத்திட்ட ரசீதைப் பெற வேண்டும். அன்று காலை விழுந்த அபராதம் யாருடையது என்ற தகராறு வந்தால், அந்தத் தாள்தான் சாட்சி.