பிளாப் தேறினால் போதுமா?

வெளிநாட்டில் பயிற்சியும் வேலையும் தேடும் டாக்டர்கள் விமானச் சீட்டு வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

2006 மார்ச்சில் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை வெளியிட்ட ஓர் அறிவிப்பு ஆயிரக்கணக்கான இந்திய டாக்டர்களின் கணக்கைத் தலைகீழாக்கியது. அதுவரை பிளாப் தேர்வில் தேறிய வெளிநாட்டு டாக்டர்கள், வேலை அனுமதிச் சீட்டு இல்லாமலேயே அங்கு பயிற்சிப் பணியில் சேர முடிந்தது. ஏப்ரல் 3 முதல் அந்தச் சலுகை ரத்தானது. கடன் வாங்கி லண்டன் போனவர்கள் ஈஸ்ட்ஹாம் பகுதியில் ஒரே அறையில் பலராக முடங்கினார்கள். கோயில்களில் கிடைத்த இலவச உணவுதான் பலரின் பசியைத் தணித்தது.

பிரிட்டனில் உள்ள இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான 'பாப்பியோ' நீதிமன்றம் போனது. உயர் திறன் குடியேற்றத் திட்டத்தில் ஏற்கெனவே வந்திருந்த டாக்டர்களைப் பின்னுக்குத் தள்ளிய அரசின் வழிகாட்டுதல் சட்டவிரோதமானது என்று 2008 ஏப்ரல் 30 அன்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வெற்றிதான். ஆனால் அதற்குள் பலர் மூட்டை கட்டி ஊர் திரும்பியிருந்தார்கள். ரத்தான சலுகையும் திரும்பி வரவில்லை.

இந்தக் கதை சொல்லும் பாடம் எளியது. தேர்வில் தேறினால் கிடைப்பது பதிவு, வேலை அல்ல. வேலையைத் தீர்மானிப்பது அந்நாட்டின் குடியேற்ற விதி. அது எப்போது வேண்டுமானாலும் மாறும்.

இப்போதும் மாறிக்கொண்டிருக்கிறது. 2019 அக்டோபரில் எல்லா டாக்டர் பணிகளும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, கதவு அகலத் திறந்தது. கூட்டமும் சேர்ந்தது. 2025-ல் சுமார் 10,000 சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், உள்நாட்டில் படித்தவர்களுக்கும் அங்கே நெடுநாள் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அறிவித்தது.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், படிப்படியாக. ஆங்கிலத் தேர்வை (ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7) இங்கேயே முடிக்கலாம். பிளாப் முதல் பகுதியைச் சென்னையில் எழுதலாம். மான்செஸ்டரில் மட்டும் நடக்கும் இரண்டாம் பகுதிக்குத்தான் பயணச் செலவு. எனவே முதல் பகுதி தேறும்வரை கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள், நிலத்தை விற்காதீர்கள்.

பிளாப் ஒன்றே வழியும் அல்ல. எம்.ஆர்.சி.பி. போன்ற ராயல் கல்லூரிப் பட்டத்தை முழுமையாக முடித்தவர் பிளாப் எழுதாமலே பதிவு பெற முடியும். முதுநிலை முடித்தவர்களுக்கு 'மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ்' என்ற திட்டம் உண்டு. அதிகபட்சம் இரண்டு ஆண்டு பயிற்சி, பிறகு தாய்நாடு. குடியேற நினைப்பவருக்கு இது பொருந்தாது. கற்றுத் திரும்ப நினைப்பவருக்கு நல்ல வழி. வேலைக் கடிதம் வந்தால், அது பயிற்சி இடமா, வெறும் பணியிடமா என்று பாருங்கள். இரண்டிலும் சம்பளம் உண்டு. முதலாவதில் மட்டுமே சிறப்பு மருத்துவர் தகுதிக்கு நேரான பாதை இருக்கிறது.

அமெரிக்காவிலும் கண்ணி உண்டு. 2022 முதல் அங்கு தகுதித் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. ஆகவே இரண்டாம் கட்ட மதிப்பெண்ணின் எடை கூடிவிட்டது. ஜே-1 விசாவில் போகிறவர், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். டாக்டர் குறைவான பகுதிகளில் மூன்று ஆண்டு பணியாற்றினால் விலக்குப் பெறலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம்தான்.

வெளிநாட்டில் அண்ணனோ மாமாவோ இருக்கும் டாக்டருக்கு இவையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்து போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், மூடிய தொழிற்சாலைக்குப் பக்கத்து லயத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை நாளை டாக்டரானால் யாரிடம் கேட்பது? தரகரிடம் அல்ல. மலையிறங்கினால் அதே மாவட்டத் தலைநகரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களை அனுப்ப 2024 மார்ச்சில் வேல்ஸ் அரசுடன் கேரளம் ஒப்பந்தமே செய்திருக்கிறது. தமிழ்நாட்டவர்களுக்குச் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

இன்னொன்று. பிரிட்டிஷ் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது. "இத்தனை லட்சம் கட்டினால் லண்டனில் இடம் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால், விசாரிக்க வேண்டியது அந்த இடத்தைப் பற்றியல்ல, அவரைப் பற்றித்தான்.