திரும்ப அழைக்கப்படும் மோட்டார் சைக்கிள்: உரிமையாளர் அறிய வேண்டியவை

மோட்டார் சைக்கிளைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வருகிறது. ‘தங்கள் வாகனத்தின் இக்னிஷன் சுவிட்சில் குறைபாடு இருக்கக்கூடும்; அருகிலுள்ள விற்பனையகத்துக்குக் கொண்டுவந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும்’ என்பது அதன் சாரம். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று எண்ணி அதனை ஒதுக்கி வைப்போர் பலர். கடன் பெற்று வாங்கிய வாகனம், அதில் செல்லும் குடும்பம் ஆகிய இரண்டின் பாதுகாப்பும் அக்கடிதத்தில் அடங்கியிருப்பதால், அதனை அலட்சியம் செய்வது தகாது.

சிறு சுவிட்ச், பெரும் பொறுப்பு

சாவியைத் திருப்பும்போது இக்னிஷன் சுவிட்சின் உள்ளிருக்கும் உலோகத் தொடுமுனைகள் இணைந்து, பேட்டரியின் மின்சாரத்தை எஞ்சினுக்கும் விளக்குகளுக்கும் செலுத்துகின்றன. தொடுமுனை தேய்ந்தாலோ, மழைநீர் புகுந்து துருப்பிடித்தாலோ, கைப்பிடி திரும்பும்போதெல்லாம் வளையும் கம்பி உள்ளே அறுந்தாலோ மின்னோட்டம் தடைப்படும். ஓடும் வண்டியின் எஞ்சின் நின்றுவிடும். பல வண்டிகளில் விளக்குகளும் உடன் அணைந்துவிடும். இரவு நேரத்தில், பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமும் இக்னிஷன் சுவிட்சே. சாவி தானாகவே நழுவி எஞ்சின் நின்றது. மோதலின்போது காற்றுப்பைகள் விரியவில்லை. அந்நிறுவனத்தின் இழப்பீட்டுத் திட்டம் 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்றுக்கொண்டது. பழுது நீக்கப்படும்வரை சாவிக்கொத்தில் வேறு எதையும் தொங்கவிட வேண்டாம் என அந்நிறுவனம் அன்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

நம் நாட்டிலும் இத்தகைய அழைப்புகள் புதியவை அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இக்னிஷன் காயிலில் கண்டறியப்பட்ட குறைபாட்டின் காரணமாக, 2021 மே மாதத்தில் இந்தியாவிலும் வேறு சில நாடுகளிலும் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. அவற்றுள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான வண்டிகளிலேயே பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் மதிப்பிட்டது. எனினும், நம் வண்டி அவற்றுள் ஒன்றா என்பது பரிசோதித்த பிறகே தெரியும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வாகனத்தின் குறைபாடு ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடுமெனில், அவ்வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு ஆணையிட மத்திய அரசுக்கு இப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அதன்படி தயாரிப்பாளர் வாகனத்தைப் பழுது நீக்கித் தர வேண்டும்; அல்லது வேறு வாகனம் தர வேண்டும்; அல்லது முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். குறைபாட்டைத் தாமே அறிந்து அரசுக்குத் தெரிவித்து அழைப்பு விடுக்கும் நிறுவனத்துக்கு அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்தும்.

கடிதம் வந்தடைய

நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கே கடிதம் வரும். வீடு மாறியவரும், பழைய வண்டியை வாங்கியவரும் இதனால் விடுபட்டுப் போகின்றனர். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாகனக் கடன் நிலுவையில் இருப்பின், இதற்குக் கடன் அளித்த வங்கியின் ஒப்புதலும் தேவைப்படும்; கிளையை அணுகிப் பெறலாம். பழைய வண்டி வாங்கியோர் பதிவுச் சான்றிதழைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதுடன், விற்பனையகத்திலும் தம் தொலைபேசி எண்ணைப் பதிவுசெய்தல் நலம். கடிதம் வராவிட்டாலும், சேஸிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலோ விற்பனையகத்திலோ விசாரித்து அறியலாம்.

ஓர் எச்சரிக்கை: உண்மையான திரும்ப அழைப்புக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. அதன் பெயரால் எவரேனும் ஓ.டி.பி., அட்டை எண், முன்பணம் ஆகியவற்றைக் கேட்டால், அது மோசடி என்று உணர்ந்து இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

விற்பனையகத்தில்

உதிரி பாகம் கையிருப்பில் உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டு, நாள் குறித்துக்கொண்டு செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பதிவுச் சான்றிதழ், வந்த கடிதம், வண்டியின் எல்லாச் சாவிகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பணி அட்டையில் ‘திரும்ப அழைப்புப் பணி’ என்று எழுதச் செய்து, கட்டணம் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு சர்வீஸ் வேலைகளைச் செய்யச் சொன்னால், அவற்றுக்குத் தனி மதிப்பீடு கேளுங்கள்.

சுவிட்சோடு பூட்டும் மாற்றப்படுகிறதா என்பதை அவசியம் கேட்டறிய வேண்டும். மாற்றினால் பெட்ரோல் டேங்க், பக்கப் பெட்டி ஆகியவற்றின் பூட்டுகளும் அதே சாவிக்கு ஏற்ப மாற்றப்படுகின்றனவா என்றும் கேளுங்கள். வண்டி களவு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கக் கோரும். பூட்டு மாறியதற்கான சான்று பணி அட்டையே. ஆகவே அதன் நகலைக் காப்பீட்டுப் பத்திரத்துடன் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

பாகம் வரும்வரை அவ்வண்டியில் நெடும்பயணம் வேண்டாம். சாவிக்கொத்தில் கனமான பொருள்களைத் தொங்கவிட வேண்டாம். ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சைப் பிடித்து, பதற்றமின்றி இடப்புறம் ஒதுங்குங்கள். விளக்குகளும் அணைந்திருக்கக்கூடும் என்பதால் கையால் சைகை காட்டுங்கள்.

தவணையும் முறையீடும்

வண்டி பணிமனையில் இருக்கும் நாட்களிலும் கடன் தவணை உரிய தேதியில் செலுத்தப்பட வேண்டும். தவறினால் கடன் மதிப்பெண் பாதிக்கப்படும். தயாரிப்பாளர் முழு விலையைத் திருப்பித் தரும் நிலை வந்தாலும், கடன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டே அத்தொகை வழங்கப்படும் எனச் சட்டம் கூறுகிறது. அத்தகைய நிலையில் கிளை மேலாளரைக் கலந்துகொள்ளுங்கள்.

விற்பனையகம் காரணமின்றிக் காலம் கடத்தினாலோ கட்டணம் கேட்டாலோ, முதலில் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். எந்த முறையீட்டுக்கும் கடிதம், பணி அட்டை, தேதிகள் ஆகியவையே துணை நிற்கும். ஆகவே வண்டியின் ஆவணங்களை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றிலுள்ள முகவரி இப்போது நீங்கள் வசிக்கும் முகவரிதானா என்பதை முதலில் சரிபாருங்கள்.