பாதிப் பணத்துக்கு ஒரே ஆள்!

சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனால் முதலில் கொத்சு வரும்; அப்புறந்தான் கேள்வி வரும். இந்தத் தடவை இரண்டும் சேர்ந்தே வந்தன.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் காலை ரயில் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று வந்து இறங்கியிருந்தேன். இலையில் இரண்டு இட்லி விழுந்ததும் அக்கா எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் தம்பி, கபடி ஏலம், கபடி ஏலம் என்று இவன் உருகுகிறானே, ஆளை ஏலத்திலே எடுக்கிறதுன்னா என்ன அர்த்தம்? ஆடா, மாடா?"

'இவன்' என்றது என் மருமானை. கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவனை வீட்டில் பார்க்க முடியாது. கபடி மைதானத்தில்தான் பார்க்கலாம். இடது மூலையில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிற ஆள். இப்போது பையன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான்: ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுக் கபடியே கதி என்று இருந்து, ஏலத்தில் இடம் பிடிக்கப் போகிறானாம். அத்தான் ஒரு வாரமாக அவனோடு பேசுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக் கூடும். ஆகவே அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாம் சிறு வயதில் சடுகுடு என்று சொன்னோமே, அதுதான் கபடி. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டும் அதுவே. முன்பெல்லாம் இதில் கெட்டிக்காரனாக இருந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ மின்சார வாரியத்திலோ ஒரு வேலை கிடைக்கும் என்பதுதான் பெற்றவர்களின் நம்பிக்கை. 2014-ல் புரோ கபடி லீக் வந்தது. மண் தரை போய் மெத்தை விரிப்பு வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு டெலிவிஷனில் விளக்கு வெளிச்சமும் ஆரவாரமும் வந்தன. 2017-ல் நமக்கும் ஓர் அணி கிடைத்தது. பெயர் தமிழ்த் தலைவாஸ். கமல் ஹாசன் விளம்பரத் தூதர். பெயரில் தலைமை இருந்ததே தவிர, வரிசையில் இடம் கடைசி!

நான் மிகைப்படுத்தவில்லை. 2017-ல் தங்கள் பிரிவில் கடைசி. 2018-ல் மறுபடியும் கடைசி. 2019-ல் பிரிவு கிடையாது, எல்லாரும் ஒரே பட்டியல். அதில் 12 அணிகளுக்குள் 12-வது இடம். 22 ஆட்டத்தில் நான்கே வெற்றி.

"ஆள் சரியில்லையோ?" என்றாள் அக்கா.

அதுதான் வேடிக்கை. ஆட்கள் ஒவ்வொருவரும் சிங்கங்கள். இந்திய அணிக்குத் தலைமை வகித்த அஜய் தாக்கூர் இருந்தார். பிடிப்பதில் மன்னரான மஞ்சித் சில்லர் இருந்தார். போதாதென்று 2019 ஏலத்தில் 94 லட்சம் கொடுத்து ராகுல் சௌத்ரியையும் வாங்கினார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாதஸ்வர வித்வான்களை வரவழைத்து, தவில்காரரை மறந்தமாதிரி ஆயிற்று.

கபடியில் களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர். பாடிப் போகிறவர் தனியாகப் போகலாம். 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் பிடிப்பது தனி ஆள் காரியமில்லை. மூலையில் நிற்பவர் காலைப் பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் அதே கணத்தில் இடுப்பில் விழ வேண்டும். அரை விநாடி தாமதித்தால் பிடித்த இருவருமே வெளியே! இந்தப் பழக்கம் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடினால்தான் வரும். ஏலத்தில் அதற்கு விலை கூறுவதில்லை.

ஏலத்தின் சங்கதி இதுதான். ஒவ்வோர் அணிக்கும் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. 2022-ல் அது 4 கோடியே 40 லட்சம்; அப்புறம் 5 கோடி. நம் வீட்டுச் சம்பளக் கவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, பால், பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். பழைய ஆட்களைத் தக்க வைத்துக்கொண்டால் அந்தச் செலவும் அதிலேயே கழியும். ஏலத்துக்கு வருகிற வீரர்களை அந்தஸ்துப்படி நான்கு வகையாகப் பிரிப்பார்கள். 2025 ஏலத்தில் முதல் வகையின் ஆரம்ப விலை 30 லட்சம். கடைசி வகைக்கு 9 லட்சம்.

"ஒன்பது லட்சமா!" என்று அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளறையில் யாரோ கனைத்த சத்தம் கேட்டது. மருமான் கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறான்.

"கேட்டீங்களா மாமா, அம்மாகிட்ட நான் சொன்னா நம்பலை" என்று வெளியே வந்துவிட்டான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் பாஸ்கெட்பால் லீக் இருக்கிறதே, அங்கே புது ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதில்லை; வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். டிராஃப்ட் என்று பெயர். தோற்ற அணிக்கு முதல் வரிசையில் வாய்ப்பு. நோஞ்சான் பிள்ளைக்குத் தாயார் முதலில் நெய் ஊற்றுகிற மாதிரி. பிலடெல்பியா அணி இதையே ஒரு தந்திரமாக்கி, நல்ல ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகத் தோற்றது. 2015-16-ல் 82 ஆட்டத்தில் 10 வெற்றி! மறு வருஷ டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கே கிடைத்தது. ஊர் சிரித்தது, திட்டம் போட்ட நிர்வாகி சாம் ஹின்கி அதற்குள் ராஜிநாமாவே செய்துவிட்டார். கடைசியில், வேண்டுமென்றே தோற்பதில் லாபம் குறையட்டும் என்று 2019 முதல் குலுக்கல் விதியையே மாற்றினார்கள்.

நம் கபடியிலோ கடைசி இடத்துக்கு அந்த நெய்யும் கிடையாது. முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே கவர், ஒரே பணம். ஆகையால் தோற்ற அணி தப்பிப் பிழைக்க ஒரே வழி, இருக்கிற பணத்தைப் புத்தியோடு செலவழிப்பதுதான்.

2021-ல் தலைவாஸுக்கு அந்தப் புத்தி பாதி வந்தது. பழைய பெரிய பெயர்களை விட்டுவிட்டு, சுர்ஜித் சிங்கின் தலைமையில் இளைஞர்களாகச் சேர்த்தார்கள். வலது மூலையில் சாகர் ராத்தீ என்ற பையன் நின்றான். அந்தப் பருவத்தில் பிடித்தே 80 புள்ளிக்கு மேல் எடுத்தான். தமிழ்நாட்டுப் பிரபஞ்சனையும் 71 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். இருந்தும் 11-வது இடம். ஆறு ஆட்டம் சரிசமமாக முடிந்தது. அரைப் படி அரிசியில் சோறு குழைந்து போன மாதிரி, வேகவில்லை என்றும் சொல்ல முடியாது, வெந்தது என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது 2022 ஆகஸ்ட். மும்பையில் ஏலம். பவன் ஷெராவத் என்ற மகா பாடகரை (கபடி பாடுவதைச் சொல்கிறேன்) 2 கோடியே 26 லட்சத்துக்குத் தலைவாஸ் எடுத்தது. லீக்கில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. மொத்தப் பணம் 4 கோடியே 40 லட்சம் என்று சொன்னேன் அல்லவா? பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! மாதம் பிறந்த அன்றே சம்பளத்தில் பாதிக்குப் பட்டுப்புடவை எடுத்த கதை. எடுத்த புடவை அழகுதான், அதில் சந்தேகமே இல்லை.

அக்டோபர் 8, பெங்களூரில் முதல் ஆட்டம், குஜராத்துடன். எதிரணிக்குத் தலைவர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுச் சந்திரன் ரஞ்சித். அந்த முதல் ஆட்டத்திலேயே, எதிராளியைப் பிடிக்கப் போன பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பி வரவில்லை.

"ஐயையோ!" என்றாள் அக்கா.

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பயிற்சியாளரும் சீக்கிரமே மாறினார். ஆஷன் குமார் வந்தார். பாதிப் பணம் படுக்கையில் கிடக்க, மீதிப் பணத்துப் பிள்ளைகள் களத்தில் நின்றார்கள். வலது மூலையில் சாகர், இடது மூலையில் சாகில் குலியா. பாடுவதற்கு நரேந்தர் என்ற புதுப் பையன். ஏலத்தில் பெரிய விலைக்கு வந்தவன் அல்ல. 'புதிய இளம் வீரர்' என்ற வாசல் வழியாக வந்தவன். முதல் வருஷத்திலேயே 240 புள்ளிக்கு மேல் பாடி எடுத்தான். அணி ஐந்தாவது இடத்துக்கு வந்தது. முதன்முறையாக அடுத்த சுற்று! அங்கே உத்தரப் பிரதேச அணியோடு 36-36 என்று சமமாகி, மேல் ஆட்டத்தில் 6-4 என்று ஜயித்தார்கள். அரை இறுதியில் புனேவிடம் 37-39. இரண்டே புள்ளியில் போயிற்று.

இதைச் சொல்லும்போது மருமானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சாகில் குலியா பிடிச்ச பிடியை நான் மொபைலில் வச்சிருக்கேன் மாமா" என்றான்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை. பவனை விட்டுவிட்டு அதே இளைஞர்களை நம்பி இறங்கிய 2023-24-ல் 9-வது இடம்தான் கிடைத்தது. பிள்ளைகளை நம்பினால் வருஷா வருஷம் அறுவடை என்று நினைக்கக் கூடாது. ஆனால் அதே சமயம் பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய தெலுங்கு டைட்டன்ஸ் என்ன ஆயிற்று? 22 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, கடைசி இடம். நம் தலைவாஸ் இதைப் பார்த்த பிறகாவது நிதானித்ததா என்றால், 2024-ல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தில் அதுவே உச்ச விலை. மறுபடியும் 9-வது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். பவனையும் திரும்ப 59 லட்சத்துச் சொச்சத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் பருவத்தின் நடுவிலேயே போய்விட்டார். அணி முதல் எட்டுக்குள் வரவில்லை.

பெரிய ஆளை வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் விற்க ஒரு முகம் வேண்டியிருக்கிறது. முழங்காலும் யார் கையிலும் இல்லை. எனக்குப் படுகிற குறை வேறு. ஒரு திட்டத்தை மூன்று வருஷம் பொறுத்துப் பார்க்கிற வழக்கம் இந்த அணிக்கு இல்லை. ஒரே ஒரு தடவை, சாகர் மாதிரிப் பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு தடவைதான் அரை இறுதியைப் பார்த்தார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழ் அணியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? அபிஷேக், மாசானமுத்து என்று சிலர் ஆடியிருக்கிறார்கள். பெரும் பகுதி ஹரியானாக்காரர்கள். நம் சேரலாதன் 2016-ல் கோப்பை வாங்கித் தந்தது பாட்னாவுக்கு! தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதான பிறகும் ஆடிய மனிதர்.

"ஆண் பிள்ளைங்களுக்காவது ஏலம் இருக்கு" என்று அக்காவின் பெண் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நியாயமான பேச்சு. புரோ கபடிக்காரர்கள் 2016-ல் பெண்களுக்கு மூன்று அணி வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள், அப்புறம் தொடரவில்லை. சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணிக்குத் துணைத் தலைவி. அவளுக்கு ஏலமும் இல்லை, கோடியும் இல்லை.

சரி, மருமான் விஷயத்துக்கு வருகிறேன். "படிப்பை நிறுத்தாதே" என்றேன். தாய்மாமன் உபதேசம் என்று அவன் முகம் சுருங்கியது. ஆனால் இது உபதேசம் இல்லை, கணக்கு. 2022 ஏலப் பட்டியலில் 24 பேர் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் முதல் இரண்டு இடம் வந்த அணிகளிலிருந்து. கல்லூரியை விட்டால் அந்த வாசல் சாத்திவிடும். வாசலுக்குள் போனாலும் களத்துக்குள் போவதாக அர்த்தமில்லை. பஞ்சாபைச் சேர்ந்த சத்நாம் சிங், 2015-ல் அமெரிக்க பாஸ்கெட்பால் டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியன். 52-வது ஆளாக டல்லாஸ் அணி எடுத்தது. அந்த லீக்கில் ஓர் ஆட்டம் கூட ஆடாமலே அவர் திரும்ப நேர்ந்தது.

மருமான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலையிலே பிராக்டீஸ், அப்புறம் காலேஜ்னா அப்பா ஒத்துக்குவாரா?" என்றான்.

"காலையிலே நாலரைக்கு எழுந்திருப்பியா நீ?" என்றாள் அக்கா.

அதற்கும் பதில் வரவில்லை. அக்கா என் இலையில் இன்னும் கொஞ்சம் கொத்சு ஊற்றிவிட்டு, இத்தனை நேரம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏன் தம்பி, அந்தப் பவன் பிள்ளைக்கு முழங்கால் சரியாச்சா?"

"ஆயிற்று அக்கா. மறு வருஷமே இந்திய அணிக்குத் தலைவராகச் சீனாவுக்குப் போய், ஆசிய விளையாட்டில் ஈரானை ஜயித்துத் தங்கம் வாங்கி வந்துவிட்டார்."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு மருமான் பக்கம் திரும்பி, "சாயங்காலம் மேல வீதிக் கடையிலே முழங்கால் உறை ஒண்ணு வாங்கிக்க. பணம் அலமாரியிலே இருக்கு" என்றாள்.